எட்டு நாள் வந்த டப்பா

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். முருகையன், அவர் மனைவி அம்சா, மகன் ஆனந்தராஜ், மருமகள் ஆர்த்தி. பங்காளி பச்சைமுத்து காலையில் வந்தார். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. விழுப்புரத்துச் சம்பந்தி கிருஷ்ணவேணி மாலை ஐந்து மணிக்கு வந்தார். அவர் வந்த கார் வாடகைக் கார், டிரைவர் இறங்கவில்லை. இவர்களைத் தவிர வேறு யாரும் அன்று அங்கே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் பார்த்தது பாதி. மீதியை அவர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆர்த்திக்கு ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதத்தோடு நின்றிருக்க வேண்டிய வாந்தி நிற்கவில்லை. சோற்றின் ஆவி முகத்தில் பட்டால் வாந்தி. தாளிக்கிற வாசனை வந்தால் வாந்தி. போன பரிசோதனையில் மூன்று கிலோ குறைந்திருந்தது. வருகிற புதன்கிழமையும் குறைந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முன்பு ஒரகடம் பக்கத்தில் கொரியாக்காரர்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். அங்கே கேன்டீனில் முட்டையை மெல்லிசாக ஊற்றி, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி, துண்டு போட்டு வைப்பார்களாம். அந்த முட்டைச் சுருளை மகள் சொல்லச் சொல்ல கிருஷ்ணவேணி செய்யப் பழகியிருந்தார். தினமும் காலையில் அவர் ஒரு எவர்சில்வர் டப்பாவைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார். ஆனந்தராஜ் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, பைக் பெட்டிக்குள் மறைத்து, அப்பாவின் கண்ணில் படாமல் மாடி அறைக்குக் கொண்டுபோவான். இப்படி எட்டு நாள்.

ஒன்பதாம் நாள் பைக் பெட்டியைத் திறந்தவர் முருகையன். டப்பாவின் மூடியில் 'கிருஷ்ணவேணி, விழுப்புரம்' என்று பெயர் வெட்டியிருந்தது. அவர் சத்தம் போடவில்லை. மகனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டப்பா திரும்பிப் போவும்போது அதுல இன்னா போட்டு அனுப்பின?"

ஒன்றும் போடவில்லை, கழுவித்தான் அனுப்பினேன் என்றான் ஆனந்தராஜ்.

"எட்டு நாளும் காலியாவா?"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் மகனோடு பேசவில்லை. சம்பந்தி வீட்டுப் பாத்திரம் அந்த வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பியது கிடையாது. ஒரு படி கேப்பையாவது, நாலு எலுமிச்சம்பழமாவது உள்ளே இருக்கும். மருமகளுக்குச் சாப்பாடு அவள் அம்மா வீட்டிலிருந்து வருகிறது என்பது ஒரு குறை. வந்த பாத்திரம் காலியாகப் போனது அதைவிடப் பெரிய குறை. இரண்டும் தம் கூரைக்கடியில், தமக்குத் தெரியாமல் நடந்திருக்கின்றன.

இனி விழுப்புரத்திலிருந்து எதுவும் வரக் கூடாது, இங்கேயே செய்யுங்கள் என்று அவர் சொன்னது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அம்சா செய்தாள்.

அம்சா செய்த விதத்தைச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் முட்டை, மீன், கறி எதுவும் உள் அடுப்படிக்குள் வராது. பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் விறகு அடுப்பு இருக்கிறது. அதற்கென்று ஒரு கவிச்சிச் சட்டியும் இருக்கிறது. உள்ளே ஆணியில் தொங்கும் தோசைக்கல் வேறு. குலதெய்வப் படையலுக்கு வருடா வருடம் அடை சுடுவது அந்தக் கல்லில்தான். அதன் மேல் அன்றுவரை முட்டை பட்டதில்லை.

ஆகவே அம்சா விறகு அடுப்பில், மீன் வறுத்த சட்டியில், மஞ்சள்தூளும் மிளகும் வெங்காயமும் போட்டு, முட்டையைச் சுருட்டினாள். அது மூன்றாகப் பிளந்தது. சூடாகத் தட்டில் வைத்து மாடிக்கு எடுத்துப்போனாள். மாமியார் ஏறி வந்துவிட்டாரே என்கிற மரியாதைக்காக ஆர்த்தி இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாய்க்கு எழுந்து ஓடினாள்.

இதெல்லாம் சனிக்கிழமையோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பச்சைமுத்து வந்தார். பங்காளி முறையில் முருகையனுக்குத் தம்பி. எதிர் வரிசையில் நாலு வீடு தள்ளி வீடு. கேட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, மருமவ ஊருக்குப் போவுதாமே?"

"யாரு சொன்னது?"

"சொல்றாங்க. சாயங்காலம் வண்டி வருதாம்."

"வண்டி வரும், போவும். ரோடு அதுக்குத்தான் போட்டு வெச்சிக்கீறாங்க."

பச்சைமுத்து சிரித்தார். முருகையன் சிரிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போகும்படி அவருக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, மகனைப் பார்த்தார். இரண்டு நாளைக்குப் பிறகு பேசினார். என்ன வண்டி என்று கேட்டார்.

ஆனந்தராஜ் சொன்னான். அத்தை இராத்திரி போன் செய்தார். டப்பா வரக் கூடாது என்றால் பொண்ணு வரட்டும் என்கிறார். மாலை ஐந்து மணிக்குக் கார் எடுத்துக்கொண்டு வருகிறார். ஆர்த்தி பையைக் கட்டிவிட்டாள்.

மாடிப்படியின் அடியில் அந்த நீலநிறப் பை இருந்தது. முருகையன் அதைப் பார்த்தார்.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, ஊர் பார்க்க, தாய் வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். அதுதான் முறை. அதற்கு முன்னால் ஒரு பெண் பையோடு படியிறங்கினால் அனுப்பிவிட்டார்கள் என்றுதான் சொல்வார்கள். முருகையனுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி அல்ல. அவருடைய தங்கை கலையரசி ஐந்தாம் மாதத்தில் உடம்பு சரியில்லை என்று பையோடு வந்தாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கணவன் வீட்டிலிருந்து அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. அழைக்காமல் எப்படிப் போவது என்று இந்தப் பக்கம் இருந்தார்கள். போனவள் வந்து கேட்கட்டும் என்று அந்தப் பக்கம் இருந்தார்கள். கலையரசி இப்போது பனமலையில் மகனோடு இருக்கிறாள். அந்த மகன் தன் அப்பாவை முதல்முதலாகப் பார்த்தது பத்தாம் வகுப்பு படிக்கும்போது.

அம்சா அடுப்படியிலிருந்து வந்தாள். "புள்ள வயித்துல ஒரு பருக்க தங்கல. நீங்க டப்பாவையே புடிச்சிக்கினு கீறீங்க."

முருகையன் குளித்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். எங்கே என்று அம்சா கேட்டாள்.

"விழுப்புரத்துல ஒரு வேல கீது. ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன்."

என்ன வேலை என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

கிருஷ்ணவேணிக்கு ஐம்பத்து நாலு வயது. விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். தினமும் முந்நூறு முட்டை அவிக்கிற அடுப்புக்கு முன்னால் நின்று பழகியவர். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். ஒரே மகள். கிழக்குப் பாண்டி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் சின்ன வீடு. வாசலில் நின்றால் கூடத்தைத் தாண்டி அடுப்படி நேராகத் தெரியும்.

விசேஷம் எதுவும் இல்லாமல் சம்பந்தி படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. கிருஷ்ணவேணி பதறி, ஆர்த்திக்கு என்ன என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் முருகையன். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு, சாயங்காலம் கார் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமென்று வந்ததாகச் சொன்னார். டப்பா காலியாக வந்ததைப் பற்றியும் சொல்ல நினைத்தார். வாய் வரவில்லை.

கிருஷ்ணவேணி நின்றுகொண்டேதான் பேசினார். குரல் உயரவில்லை.

"கோச்சிக்காதீங்கண்ணே. வளையல் போட்டுத்தான் கூட்டிக்கினு வரணும்னு எனக்கும் தெரியும். வளையல் போட கையில சத இருக்கணும்ல?"

முருகையன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அது போன மாதத்தைக் காட்டியது.

"சாயங்காலம் வாங்க," என்றார் கடைசியில். "எங்க வூட்டுல செஞ்சத அது துன்னு, வயித்துல நின்னுச்சின்னா நீங்க காபி குடிச்சிட்டுப் போங்க. நிக்கலன்னா நானே பையத் தூக்கியாந்து உங்க வண்டில வெக்கிறேன்."

"நெசமாவாண்ணே?"

"நான் ரெண்டு பேச்சுப் பேசறவன் இல்ல, சம்பந்திம்மா."

கிருஷ்ணவேணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சம்பந்தி வந்த காரியம் காரை நிறுத்துவது மட்டும் இல்லை என்று அப்போதுதான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். செய்முறையைக் கேட்க முருகையனுக்கு வாய் வராது. நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லிக்கொடுக்கக் கிருஷ்ணவேணிக்கு உரிமை இல்லை. அவர் அடுப்படிக்குப் போனார். வழக்கமாக அடுப்புக்கு நேராக நிற்கிறவர், அன்றைக்கு ஒரு பக்கமாகத் தள்ளி நின்றார். கூடத்திலிருந்து அடுப்பும் கல்லும் கையும் தெரிந்தன.

பிறகு பள்ளிக்கூடத்துச் சமையல் உதவியாளர்களுக்குச் சொல்கிற குரலில், அடுப்பைப் பார்த்தபடி, தமக்குத்தாமே சொல்வது போலச் சொல்லிக்கொண்டே செய்தார்.

முட்டை மூன்று. உப்பு ஒரு சிட்டிகை. தண்ணீர் இரண்டு ஸ்பூன். நுரை கட்ட அடிக்கக் கூடாது, கலந்தால் போதும். கலந்ததை டீ வடிகட்டியில் வடிக்க வேண்டும்; வெள்ளையில் இருக்கிற நூல் நூலான கொழகொழப்பு வடிகட்டியில் நின்றுவிடும். கேரட்டைத் தூளாக நறுக்கி ஒரு கைப்பிடி. மஞ்சள் கிடையாது, மிளகு கிடையாது, வெங்காயம் கிடையவே கிடையாது.

கல் தோசைக்கல்தான். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கல். "புதுக் கல்லுல ஒட்டிக்கும். நல்லா பழகின கல்லா இருக்கணும்," என்றார் அடுப்பிடம். தீயைக் குறைத்தார். எண்ணெயை ஊற்றவில்லை, துணியில் தொட்டுத் துடைத்தார். முட்டையில் கால் பங்கை ஊற்றிச் சாய்த்தார். கீழே பிடித்து, மேலே இன்னும் ஈரம் பளபளக்கும்போதே ஒரு ஓரத்தைத் தோசைத் திருப்பியால் மடித்தார். மடித்து மடித்து ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுருளை மறுபடி ஆரம்பித்த ஓரத்துக்கே தள்ளினார். காலி இடத்தைத் துணியால் துடைத்து, அடுத்த கால் பங்கை ஊற்றினார். சுருளைக் கொஞ்சம் தூக்கி, புது முட்டை அதன் அடியிலும் ஓடும்படி விட்டார். திரும்பவும் மடித்தார். இப்படி நான்கு தடவை.

முருகையன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மழை வருகிறபோது களத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை காய்கிற படுதாவை எந்த ஓரத்திலிருந்து மடித்துக்கொண்டு போவார்கள் என்பது அவருக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். ஒரு பார்வையில் பிடிபட்டது.

சுருளைத் துணியில் சுற்றி அமுக்கி வைத்து, விரல்கடை அகலத்துக்குத் துண்டு போட்டு, கிருஷ்ணவேணி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றார் முருகையன். தட்டு ஃபேனுக்கு அடியில் இருந்தது. புதன்கிழமை யார் டாக்டரிடம் கூடப் போவது என்று அரைமணி நேரம் பேசினார்கள். இரண்டு பேரும் போவது என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது, வைத்த தட்டைத் தொடாமல் எழுந்திருப்பது முறையில்லை என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். ஆறிப்போயிருந்தது. ஆறிய பண்டம் அவர் சாப்பிடுகிறவர் அல்ல. ஆனால் அதில் முட்டை வாசனையே இல்லை. இன்னொரு துண்டு எடுத்தார். இதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் இறங்கும்போது மணி இரண்டு. சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்து நின்று எத்தனை வருடம் ஆயிற்று என்று அம்சாவுக்கே நினைவில்லை.

சம்பந்தியிடம் கொடுத்த வாக்கைச் சொன்னார். பிறகு செய்முறையைச் சொன்னார். மூன்று முட்டை, வடிகட்டி, கேரட், எண்ணெய்த் துணி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கேஸ் அடுப்பில் சின்னத் தீயில் செய்யவேண்டும் என்றும் சொன்னார். விறகு அடுப்பில் தீ அடங்காது. கவிச்சிச் சட்டியில் போன வாரத்து மீன் இருக்கிறது.

சட்டி வேண்டாமென்றால் எதில் சுடுவது என்று அம்சா கேட்டாள். முருகையன் ஆணியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கடைக்குப் போய்ப் புதுசாக ஒன்று வாங்கி வருகிறேன் என்றான் ஆனந்தராஜ். புதுக் கல்லில் ஒட்டும் என்றார் முருகையன். அப்படியானால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. படையல் கல்லை முட்டைக்கு எடு என்று அவர் வாயால் சொல்ல முடியாது. படையல் கல்லில் கவிச்சி படக் கூடாது என்கிற கட்டு அவருடைய அப்பா காலத்தது.

அம்சா ஆணியிலிருந்து கல்லைக் கழற்றினாள்.

"இந்தக் கல்லு உங்க வூட்டுது இல்ல," என்றாள். "எங்கம்மா சீர் வரிசையில வெச்சிக் குடுத்தது. இதுல இன்னா சுடணும்னு நான்தான் சொல்லணும். படையலுக்கு உங்க மவன வேற கல்லு வாங்கியாரச் சொல்லுங்க."

முருகையன் மறுக்கவில்லை. அடுத்த படையலுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. புதுக் கல் அதற்குள் பழகிவிடும்.

முதல் சுருள் உடைந்தது. முட்டை முழுக்க வெந்து காய்ந்த பிறகு அம்சா மடித்தாள். மடித்த இடமெல்லாம் விண்டது.

"மேல ஈரம் கீறப்பவே மடிக்கணும்," என்றார் முருகையன்.

"நீங்க இதுவரிக்கும் எத்தினி சுட்டீங்க?"

உடைந்ததை ஆனந்தராஜ் நின்றபடியே தின்று முடித்தான். இரண்டாவது சுருள் நின்றது. நாலாவது மடிப்பில் அது விரல்கள் சேர்த்த கை மாதிரி தடித்து, ஒரு விரிசல் இல்லாமல் கல்லின் ஓரத்தில் கிடந்தது. அம்சா அதைத் துணியில் சுற்றி எடுத்தாள். அவள் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. அதைக் கணவன் பார்க்காதபடி திரும்பிக்கொண்டாள்.

அப்போது ஆர்த்தி மாடியிலிருந்து இறங்கி அடுப்படி வாசல்வரை வந்தாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பி ஏறினாள். சூட்டு வாசனை.

அம்சா தட்டோடு பின்னாலேயே கிளம்பினாள். அந்த வீட்டில் யாருக்கும் ஆறிப்போனதை வைக்கிற வழக்கமில்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கும் சூடாகத்தான். சனிக்கிழமை சூட்டோடு மாடிக்கு ஓடியதும் அதனால்தான். முருகையன் கையை நீட்டி மறித்தார்.

"ஆறட்டும்."

"ஆறிப்போனதையா புள்ளத்தாச்சிக்குக் குடுப்பாங்க?"

"எட்டு நாளும் ஒரு மணி நேரம் பஸ்ல வந்ததே, அது சூடாவா வந்துச்சி?"

அம்சா தட்டைப் பார்த்தாள். பிறகு அதைக் கூடத்து மேசை மேல், ஃபேனுக்கு நேராக வைத்தாள். மேலே ஒரு வலைமூடி போட்டாள். மணி மூன்றரை.

ஐந்து மணிக்குக் கார் வந்தது. கிருஷ்ணவேணி இறங்கினார். கையில் டப்பா, அன்றைக்குச் செய்தது அதில் இருந்தது. அதை மேசை மேல் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப் போனவர், யோசித்து, தரையில் தம் காலடியில் வைத்துக்கொண்டார்.

ஆர்த்தியை அழைத்து வந்தார்கள். பந்தயம் இன்னதென்று அவளுக்கு ஆனந்தராஜ் சொல்லியிருந்தான். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க அவள் ஒரு துண்டை எடுத்தாள். முகர்ந்தாள். மென்றாள். இரண்டாவது, மூன்றாவது. ஆறு துண்டும் போய்விட்டன. தட்டில் ஒட்டியிருந்த கேரட்டையும் விரலால் தொட்டு எடுத்தாள்.

இனி அது தங்க வேண்டும்.

முருகையன் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த கண்ணாடி பீரோவில் கடிகாரம் தெரிந்தது. ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்காலுக்கு ஆர்த்தியின் கை சட்டென்று வாய்க்குப் போனது. நான்கு பேரும் பாதி எழுந்தார்கள்.

அவளுக்கு ஏப்பம் வந்தது.

ஆறு மணிக்குக் கிருஷ்ணவேணி காபி குடித்தார். முருகையன் சொன்ன வார்த்தைப்படி அது முடிந்த காரியம். டம்ளரைக் கொடுக்கும் சாக்கில் அடுப்படிவரை போன கிருஷ்ணவேணி, ஆணியில் திரும்ப மாட்டியிருந்த கல்லைப் பார்த்தார். அந்தக் கல்லைப் பற்றிக் கல்யாணம் பேசின நாளிலேயே அம்சா அவரிடம் சொல்லியிருக்கிறாள். பார்த்துவிட்டு அம்சாவின் கையை ஒரு தடவை பிடித்து விட்டார்.

கூடத்தில் ஆர்த்தி பேசினாள். மூன்று நாளாக அவள் குரலை அந்த வீட்டில் யாரும் சரியாகக் கேட்டிருக்கவில்லை.

"ரெண்டு வூடும் பேசி முடிச்சிட்டீங்க. நான் இருக்கறனா போறனான்னு என்ன யாரும் கேக்கல."

ஆனந்தராஜ் தரையைப் பார்த்தான். நீதானே பையைக் கட்டினாய் என்று முருகையன் கேட்டார்.

"கட்டச் சொன்னாங்க, கட்டினேன் மாமா. நான் இங்கதான் இருப்பேன்." பையின் பக்கம் திரும்பினாள். "ஆனா பொதன்கெழம டாக்டர பாத்துட்டு வந்து உங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். நீங்க இல்லன்னு சொல்லக் கூடாது."

"இன்னா அது?"

"பொதன்கெழம சொல்றேன்."

"கேட்டப்புறம் சொல்றேன்," என்றார் முருகையன். ஆனால் அவள் முகத்தை அவர் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். ஆர்த்தி மாடிப்படியின் அடியிலிருந்த பையை எடுத்து, துணிகளை ஒவ்வொன்றாக நாற்காலி மேல் போட்டாள். துணிகளுக்கு அடியில் ஒரகடம் கம்பெனியின் முத்திரை போட்ட ஒரு பழுப்பு நிறக் கவர் இருந்தது. அதை மட்டும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

காலியான நீலப் பை கிருஷ்ணவேணியுடையது. மகளுக்குப் போன தடவை துணிமணி கொண்டுவந்த பை. அதை அவர் மடித்து அக்குளில் இடுக்கப் போனார். முருகையன் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பின்பக்கம் போனார். அங்கே மூட்டைக்குள் அளக்கிற படி இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பை கனத்து வந்தது. கிருஷ்ணவேணி வாங்கக் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. கஞ்சி போட்ட சட்டையோடு, பையைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவரே வாசலைத் தாண்டி நடந்து, காரின் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார்.

நாலு வீடு தள்ளி பச்சைமுத்து தம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முருகையன் அவரைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

முருகையன் தம் கையாலேயே மருமகளின் பையைத் தூக்கிக் காரில் வைத்து அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்று திங்கட்கிழமை காலையிலிருந்து டீக்கடையில் பேச்சு நடக்கிறது. அது தவறு. பை போனது. பையைத் தூக்கியது முருகையன்தான். பையில் இருந்தது கிளியனூர் நிலத்தில் விளைந்த மல்லாட்டை, எட்டுப் படி. காலியாகப் போன எட்டு டப்பாவுக்கு, நாளுக்கு ஒரு படி வீதம். ஆர்த்தி போகவில்லை.